அறிக்கை முதலில், பெயர் பிறகு

அவையோருக்கு வணக்கம்.

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை அதே துறையினர் படித்து அறிக்கை தருவது சக மதிப்பாய்வு. அதை வெளிப்படையாக்குவது திறந்த சக மதிப்பாய்வு. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "மதிப்பாய்வாளரின் பெயரை வெளியிடச் சொல்கிறீர்களா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பேச்சும் அங்கேயே நின்றுவிடுகிறது. இந்தச் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கங்களை 2017-இல் ஓர் ஆய்வு தொகுத்தபோது 122 வரையறைகள் கிடைத்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்ததில் ஏழு கூறுகள் தேறின. பெயரைத் திறப்பது அவற்றுள் ஒன்று. அறிக்கையைத் திறப்பது இன்னொன்று. எல்லாரையும் கருத்துச் சொல்ல அழைப்பது வேறொன்று. மூன்றையும் ஒரே நாளில் செய்யப் பார்க்கும் இதழ் தடுமாறும். அறிக்கையை முதலில் திறங்கள். பெயரை மதிப்பாய்வாளரின் விருப்பத்துக்கு விடுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

சான்றைப் பாருங்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 1999-இல் வெளியிட்ட சோதனையில், பெயர் கட்டுரையாளருக்குத் தெரியவரும் என்ற பிரிவில் 35 விழுக்காட்டினர் மதிப்பாய்வு செய்ய மறுத்தார்கள். பெயர் மறைந்திருந்த பிரிவில் மறுத்தவர்கள் 23 விழுக்காடு. தரத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. மறுபக்கம், எல்சேவியர் பதிப்பகத்தின் ஐந்து இதழ்களில் 2010 முதல் 2017 வரை நடந்த 18,525 மதிப்பாய்வுகளை ஆராய்ந்தவர்கள், அறிக்கை வெளியாவதால் மறுப்போ காலதாமதமோ குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று கண்டார்கள். ஆனால் அங்கே பெயரைத் தர இசைந்தவர்கள் 8.1 விழுக்காட்டினரே. மூத்த பேராசிரியரின் கட்டுரையில் குறை சொல்லும் இளம் ஆய்வாளருக்கு, நாளை அதே பேராசிரியர் தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பாரோ என்ற அச்சம் உண்டு. அது நியாயமான அச்சம். அதைத் துணிச்சல் குறைவு என்று ஒதுக்குவது தவறு.

இனி, செய்யும் முறை. ஒரு தேதியைக் குறியுங்கள். அந்தத் தேதிக்குப் பின் வந்துசேரும் கட்டுரைகளுக்கு மட்டுமே புதிய விதி. பழைய அறிக்கைகள் வெளியே வராது என்ற உறுதியின்பேரில் எழுதப்பட்டவை. அவற்றைத் திறந்தால் வாக்கை மீறுவதாகும். அழைப்புக் கடிதத்திலேயே மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: கட்டுரை ஏற்கப்பட்டால் அறிக்கை வெளியாகும், இன்ன உரிமத்தில் வெளியாகும், கையொப்பமிடுவது விருப்பம். "இசைகிறேன்" என்று சொன்ன பிறகு இவற்றைத் தெரிவித்தால் பாதியில் விலகுவார்கள். பெயர் பற்றிய முடிவை அறிக்கையை ஒப்படைக்கும்போது கேளுங்கள். தாம் என்ன எழுதினோம் என்பது தெரிந்த பிறகுதான் அதை ஒருவர் சரியாக முடிவுசெய்ய முடியும்.

பெயர் வேண்டாம் என்றவரின் பெயர் கசிவதுதான் மிக மோசமான விபத்து. அது பெரும்பாலும் கோப்பின் வழியாக நேர்கிறது. வேர்டு கோப்பின் பண்புகளில், குறிப்புரைகளின் ஓரத்தில், திருத்தத் தடங்களில் எழுதியவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடிஎஃப் ஆக மாற்றினாலும் சில வேளை கூடவே வரும். ஆகவே கோப்பை அப்படியே ஏற்றாமல், உரையை மட்டும் எடுத்து இதழின் வார்ப்புருவில் இடுங்கள். "என் இந்த மூன்று கட்டுரைகளையும் மேற்கோள் காட்டுங்கள்" என்று எழுதியவர் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுகிறார். அதை வெளியிடும் முன் அவரிடம் சொல்லுங்கள். அந்தக் கோரிக்கை முறையானதா என்றும் பாருங்கள். நோயாளியை அடையாளம் காட்டும் விவரம், அவதூறான வரி, பிறர் உரிமையுள்ள படம் ஆகியவற்றை நீக்கலாம். ஆனால் நீக்கிய இடத்தில் "இங்கே நீக்கப்பட்டது" என்ற குறி இருக்க வேண்டும். கடுமையான விமர்சனத்தை மென்மையாக்குவது இதழாசிரியரின் வேலை அன்று.

"இதழாசிரியருக்கு மட்டும்" என்றொரு பெட்டி மதிப்பாய்வுப் படிவத்தில் இருக்குமே, அதில் கவனம் தேவை. கருத்துத் திருட்டு, புனைந்த தரவு போன்ற ஐயங்களுக்கு அது வேண்டும். அறிக்கை வெளியாகும் என்றானதும் உண்மையான தீர்ப்பெல்லாம் அந்தப் பெட்டிக்குள் குடிபுகுந்து, வெளியே பாராட்டு மட்டும் மிஞ்சும் ஆபத்து இருக்கிறது. அங்கே எழுதியதற்கும் வெளி அறிக்கைக்கும் முரண் தெரிந்தால், அறிக்கையைத் திருத்தித் தரும்படி திருப்பி அனுப்புங்கள்.

வெளியிடும்போது மதிப்பாய்வின் எல்லாச் சுற்றுகளும் வர வேண்டும்: அறிக்கைகள், கட்டுரையாளரின் பதில்கள், இதழாசிரியரின் முடிவுக் கடிதங்கள். எம்போ ஜர்னல் என்ற உயிரியல் இதழ் 2009 முதல் பெயரில்லாமலே இதைச் செய்துவருகிறது. நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் 2016-இல் விருப்பத் தெரிவாகத் தொடங்கி 2022-இல் பொது விதியாக்கியது. படிப்படியாகப் போகலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வோர் அறிக்கைக்கும் கிராஸ்ரெஃப் என்ற பதிவு அமைப்பில் தனி டிஓஐ, அதாவது நிலையான இணைய அடையாள எண், பதிந்து, சுற்று எண்ணையும் குறித்து, கட்டுரையோடு இணையுங்கள். இதழ் மென்பொருளில் "திறந்த மதிப்பாய்வு" என்பதைத் தேர்ந்தாலே அறிக்கை வெளியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். பெயரைக் கட்டுரையாளருக்குக் காட்டுவது ஒரு அமைப்பு. வாசகருக்கு அறிக்கையைக் காட்டுவது வேறு அமைப்பு.

பொதுமக்கள் கருத்தை நம்பி மதிப்பாய்வாளரைக் கைவிடவும் கூடாது. நேச்சர் 2006-இல் நடத்திய சோதனையில், அழைக்கப்பட்ட 1,369 கட்டுரைகளில் 71-ஐத்தான் பொதுக் கருத்துக்கு வைக்கக் கட்டுரையாளர்கள் இசைந்தார்கள். அவற்றிலும் 33-க்கு ஒரு கருத்துகூட வரவில்லை. 2001-இல் தொடங்கிய அட்மாஸ்ஃபெரிக் கெமிஸ்ட்ரி அண்ட் ஃபிசிக்ஸ் என்ற இதழ் நிலைத்து நிற்பதற்குக் காரணம், பொது விவாதத்தோடு நியமிக்கப்பட்ட மதிப்பாய்வாளர்களும் அதே மேடையில் எழுதுவதுதான்.

கடைசியாக ஒரு கணக்கு வேலை. தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே எத்தனை பேரை அழைத்தோம், எத்தனை பேர் மறுத்தார்கள், அறிக்கை வர எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதிவையுங்கள். விதி மாறிய பிறகும் அதே பட்டியலைத் தொடருங்கள். ஒருவர் மறுத்தால் காரணத்தையும் ஒரு வரியில் கேளுங்கள். "நேரமில்லை" என்பவரையும் "வெளியிடுவதால் வேண்டாம்" என்பவரையும் பட்டியலில் தனித்தனியாகக் குறியுங்கள்.