உருக்கும் முன்னால் ஒரு போட்டோ

விழாத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட அருமை நண்பர் அவர்களே, பழைய வண்ணாரப்பேட்டைத் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடகு வைக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

பழைய நகைகளின் வரலாறு, பொருள், இன்றைய நிலை என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். முதலில் வரலாறு. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் விக்டோரியா மகாராணி கறுப்பு உடுத்தினார். 1901-இல் தான் சாகும்வரை அதை மாற்றவில்லை. ராணி துக்கம் காத்தால் ஊர் சும்மா இருக்குமா? விட்பி என்ற கடலோர ஊரில், மக்கி இறுகிய மரமான கறுப்பு ஜெட்டில் நகை செய்யும் தொழில் கொடிகட்டிப் பறந்தது. இறந்தவரின் தலைமுடியைப் பின்னி லாக்கெட்டுக்குள் வைத்து அணிந்தார்கள்.

முகம் சுளிக்காதீர்கள். நம் குழந்தைகளின் இடுப்பில் கட்டும் வெள்ளித் தாயத்துக்குள் என்ன இருக்கிறது? காய்ந்த தொப்புள்கொடி. குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்காது என்று நான் எல்லா மேடையிலும் சொல்வேன்; இங்கேயும் சொல்கிறேன்.

காசிமேட்டில் எங்கள் தெருவில் ஓர் ஆயா. மகன் லாஞ்சில் மீன் பிடிக்கப் போயிருந்தான், மழைக்காலம், கையில் காசில்லை. அவன் குழந்தையில் போட்ட தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அடகுக்கடைக்கு வந்தார். நான் பின்னால் நிற்கிறேன். கடைக்காரர் அதைக் காதருகே வைத்து ஆட்டினார்.

"உள்ள இன்னாம்மா?"

"எம் புள்ள கொடி."

"நகைக்குள்ள இருக்கிற அரக்க எடையில கழிக்கிற மாதிரி இதையும் கழிக்கணுமே. தொறக்கட்டா?"

"தொறந்துக்கோ நைனா. அத்தயும் தனியா எடை போட்டு ஒரு ரசீது குடு. நாளைக்கு எம் புள்ள வந்து கேட்டா காட்டணும்ல."

கடையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, திறக்காமலே முழு எடைக்கும் பணம் எண்ணினார். ஆயா நகரவில்லை. "வட்டி மட்டும் வெள்ளிக்குத்தானே?" என்றார்.

அந்தத் தாயத்து மீண்டது. தங்கம் உருக்கும் மூசைக்குள் போனவை மீளாது. அட்டிகை, காசுமாலை, தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் காதோடு கொண்டுவந்த பாம்படம், எது போனாலும் வெளியே வருவது ஒரே கட்டிதான். குன்றிமணிக்காவது நிறம் மங்காது. உருகிய நகைக்கு முகமே கிடையாது.

பொருளைப் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். சரி, கோரிக்கைக்கு வருகிறேன். கம்பெனிக்காரன் நாணயம் அடித்த தங்கசாலை நம்முடையது. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் நம்முடையது. பழம்பொருள் பார்க்க மட்டும் எழும்பூர் மியூசியம் போக வேண்டுமா? அந்த நிலையத்தில் ஒரே ஓர் அறை கேட்கிறோம். கிடைத்தால் குப்பையில் கிடக்கும் குன்றிமணிக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி ஆச்சு.

நகையை யாரும் தர வேண்டாம். உருக்கக் கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள். யார் போட்டது, எந்த ஆசாரி செய்தது, எத்தனை தடவை அடகுக்குப் போய் மீண்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் போகாதீர்கள். பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறோம், போன கூட்டத்துப் பேனாக்கள் எதுவும் திரும்பி வரவில்லை.