லேசர் போச்சுன்னு ஒதுக்குன சிடி பிளேயரு, 15 ரூபா ரப்பர்ல ஓடுது மக்கா!

மக்கா எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு கொஞ்சம் கோவத்துலதான் கேமராவ ஆன் பண்ணியிருக்கேன், சந்தோசமும் இருக்கு, ரெண்டும் கலந்து வரும், பொறுத்துக்கோங்க. போன வீடியோவுல டேப் ரெக்கார்டர் ஹெட் தொடச்சிட்டு இருக்கும்போது பின்னால சாரத்தப் போட்டு மூடி ஒரு பொட்டி கெடந்துச்சுல்லா, அது என்னண்ணே என்னண்ணேன்னு ஆளாளுக்கு கேட்டிய. இதான் அது. சிடி பிளேயரு. எண்பதுகள்ல வந்த ஜப்பான் செட்டு. பிராண்டு பேரு சொல்லல, ஏன்னா இப்ப சொல்லப்போறதுல கம்பெனி மேல ஒரு தப்பும் கிடையாது, ரப்பர்னு இருந்தா வயசாகத்தான செய்யும்.

இத 400 ரூபாக்கு வாங்குனேன். வாங்கும்போதே "ஓடாது தம்பி, லேசர் போச்சு"ன்னு சொல்லித்தான் குடுத்தாவ. சரி ஒரு சர்வீஸ் கடையில காட்டுவோம்னு கொண்டு போனா, எந்தக் கடைன்னு கேக்காதீங்க, அந்த ஆளு மேல் மூடியக் கூட கழட்டல மக்கா! கரண்ட குடுத்தான், டிஸ்க் இல்லன்னு டிஸ்ப்ளேல வந்துச்சு, "லேசர் அவுட்டு, காயலாங்கடையில போடுங்க"ன்னுட்டான். அவ்வளவுதான். ஒரு ஸ்குரூ கூட சுத்தாம எப்படிடே லேசர் போச்சுன்னு தெரியும்? எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்.

வீட்டுக்கு கொண்டாந்து தொறந்து பாத்தேன். டிரே உள்ள போகுதுல்லா, அந்த கடைசி ஒரு இஞ்சு இருக்கு பாருங்க, அங்கனதான் விசயமே. அந்தக் கடைசி நகத்தல்லதான் மேல இருக்க கிளாம்ப் எறங்கி டிஸ்க்க அமுக்கிப் பிடிக்கும். டிரேய இழுக்க மோட்டார்ல இருந்து ஒரு சின்ன ரப்பர் பெல்ட்டு போகும். அந்த பெல்ட்டு தளந்து போச்சுன்னா டிரே உள்ள போன மாதிரியே இருக்கும், ஆனா முழுசா போயிருக்காது. கிளாம்ப் எறங்காது, டிஸ்க்க பிடிக்காது, டிஸ்க் ஒழுங்கா சுத்தாது. லென்சு பாவம் மேலயும் கீழயும் ஏறி எறங்கி தேடிப் பாத்துட்டு டிஸ்க் இல்லன்னு சொல்லிரும். இதத்தான் நம்ம ஆளுவ லேசர் அவுட்டுன்னு சொல்லுதாவ! உங்ககிட்ட இந்த மாதிரி செட்டு இருந்தா ஒண்ணு செஞ்சு பாருங்க, டிரே மூடும்போது கடைசியில வெரலால பைய ஒரு தள்ளு தள்ளுங்க. அதுக்கப்பறம் பாட்டு ஓடுச்சுன்னா லேசர் நல்லாருக்கு, பெல்ட்டுதான் வம்பு.

நான் தள்ளுனேன். ஓடிருச்சு. அந்த நிமிசம் அந்தக் கடைக்காரன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு.

சரி பெல்ட்டு வாங்கணும். ஆன்லைன்ல பாத்தா பெல்ட்டு 180 ரூபா, அனுப்புத கூலி 450 ரூபா. மக்கா, 400 ரூபா பொட்டிக்கு 630 ரூபாக்கு ரப்பரா? எங்க அம்மை கேட்டா வெளக்குமாத்த எடுத்துருவா. ஜங்ஷன் பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி இருக்காரு, பழைய வீடியோ பாத்தவங்களுக்கு தெரியும், மர்பி ரேடியோ வீடியோவுல கை மட்டும் வந்துச்சுல்லா, அவருதான். அவருகிட்ட டேப் ரெக்கார்டர் பெல்ட்டு ஒரு கம்பி நெறய கோத்துத் தொங்குது, சின்னது பெருசு எல்லாம். நான் முன்னாலயே புல்லி ரெண்டையும் சுத்தி ஒரு நூலக் கட்டி அளவெடுத்து வச்சிருந்தேன், அந்த அளவ விட கொஞ்சம் கம்மியா இருக்க பெல்ட்டா பாக்கணும், அப்பதான் இழுத்துப் பிடிக்கும், ரொம்ப சின்னதா போட்டா மோட்டார் தெணறும். இன்னொண்ணு, பட்டையா இருக்க பெல்ட்டு ஆகாது, டேப்ல பிளைவீலுக்கு, அந்த கனமான சக்கரத்துக்குப் போடுவாவள்லா அது. இந்த புல்லியில நடுவுல பள்ளம் இருக்கு, சதுர பெல்ட்டுதான் உக்காரும். ஒவ்வொண்ணா நூல்ல வச்சுப் பாக்கேன், அண்ணாச்சி ஒரு தடவ நிமிந்து பாத்துட்டு, "என்னவே, பொண்ணு வளவிக்கு அளவெடுக்கீரா"ங்காரு. 20 ரூபா சொன்னாரு. 15 குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு. 630 எங்க, 15 எங்க! நான் இத இன்னும் ஒரு மாசத்துக்கு சொல்லிக்கிட்டேதான் இருப்பேன், பழகிக்கோங்க.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். புது பெல்ட்டு போடுததுக்கு முன்னால பழசு புல்லியில கருப்பட்டிப் பாகு கணக்கா உருகி ஒட்டியிருந்துச்சு. அத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பஞ்சால சுத்தமா எடுக்கணும், இல்லன்னா புது பெல்ட்டும் வழுக்கும். வெரல்ல பட்டா ரெண்டு நாளைக்குப் போவாது, இந்தா பாருங்க, நகத்துல இன்னும் கருப்பு. லேசர் ஓடுத ரெயில்லயும் பழைய கிரீஸ் இறுகிக் கெடந்துச்சு, தொடச்சுட்டு புதுசா கொஞ்சம், கொஞ்சமேதான், தடவுனேன்.

இன்னொரு எரிச்சலும் சொல்லிருதேன். பாட்டு ஓடலன்னதும் உள்ள இருக்க குட்டி பிரிசெட்ட, அதாவது பவர் அளவு வைக்குத திருகாணிய, ஸ்குரூ டிரைவர் வச்சுத் திருகி லேசர் பவர ஏத்துங்கன்னு சொல்லுத வீடியோ நெறய சுத்துது. தயவு செஞ்சு செய்யாதீங்க. லேசர் ஒளி குடுக்குத டயோடு பொசுங்கிரும், அதுக்கப்பறம் நெசமாவே லேசர் அவுட்டுதான். அதோட மூடியத் தொறந்து வச்சு லென்சுக்கு நேரா குனிஞ்சு பாக்காதீங்க, அது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது, தெரியலங்கதுக்காக ஒண்ணும் செய்யாதுன்னு அர்த்தம் இல்ல. எட்ட நின்னு சைடுல பாருங்க, டிஸ்க் உள்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கும்போது நிமிசத்துக்கு 500 சுத்து வேகத்துல சுத்தும், வெளிய வர வர கொறஞ்சு 200க்கு வந்துரும். எனக்கு பாட்ட விட அதப் பாக்கத்தான் பிடிச்சிருக்கு.

அடுத்து என் செல்லம். பிலிப்ஸ் சிடி 104 பிளேயரு. மேலப்பாளையத்துல ஒரு பாய் வீட்டுல இருந்து இரவல் வாங்கிட்டு வந்தது, அவங்க வாப்பா சவுதியில இருந்து கொண்டாந்தாராம், திருப்பிக் குடுக்கணும், அத நெனச்சாலே மனசு கேக்கல. தூக்கிப் பாத்தாத்தான் தெரியும், என்னா கனம்! இதுல லேசர் ரெயில்ல போவாது. ஒரு உலோகக் கை, ரிக்கார்டு பிளேயர் கை மாதிரி வளைவா வீசும், சுவிங் ஆர்ம்னு பேரு. ரெயிலும் கிடையாது, இறுகிப் போக கிரீசும் கிடையாது. ரிமோட்டும் கிடையாது, எந்திச்சுப் போயி அமுக்கணும், எனக்கு அதான் பிடிச்சிருக்கு.

இதப் பத்தி போஸ்ட் போட்டதும் ஒருத்தரு, "அது 14 பிட்டுதான ப்ரோ, சிடி 16 பிட்டு, ஏமாந்துட்டீங்க"ன்னாரு. யோவ்! பிட்டுங்கது சத்தத்த எவ்வளவு நுணுக்கமா எண்ணா எழுதுதோம்ங்குற கணக்கு. சிடியில இருக்க எண்ண சத்தமா மாத்துத டிடிஏ 1540 சிப்பு 14 பிட்டுதான், வாஸ்தவம். சோனியும் பிலிப்ஸும் சேந்து சிடிக்கு ஒரு முறைய முடிவு பண்ணும்போது பிலிப்ஸ்காரங்க கையில 14 பிட்டு சிப்புதான் இருந்துச்சு, சோனி 16தான்னு நின்னுட்டாங்க. அதனால பிலிப்ஸ் என்ன செஞ்சாங்கன்னா, செகண்டுக்கு 44,100 தடவ வர்ற சாம்பிள, அதாவது சத்தத்தோட அளவ, நாலு மடங்காக்கி, இரைச்சல காதுக்கு எட்டாத எடத்துக்குத் தள்ளிவிட்டு, 14 பிட்ட வச்சே கிட்டத்தட்ட 16 பிட்டு வேலைய வாங்கிட்டாங்க. 1982 அக்டோபர்ல ஜப்பான்ல வந்த சோனி சிடிபி-101, 1,68,000 யென் வெல, அதுல 16 பிட்டு உண்டு, ஆனா எண்ண சத்தமா மாத்துத கன்வெர்ட்டர் ஒண்ணே ஒண்ணுதான், இடது வலதுன்னு மாத்தி மாத்தி வேல செய்யும். அதனால ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஒரு செகண்ட லட்சமாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு கணக்குல வித்தியாசம் வரும். அது எனக்கு காதுல கேக்குன்னு சொல்லுதவங்களும் இருக்காங்க. கேக்கட்டும், நல்லாருக்கட்டும்.

சிடி 104ல நான் மொதல்ல போட்டது நம்ம காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம். மனுசன் 1964லயே போயிட்டாரு, சிடிங்குற சாமான் வர அதுக்கப்பறம் 18 வருசம் ஆச்சு. மோனோ ரிக்கார்டிங்குதான், ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒண்ணுதான் வருது. ஆனா அவரு ஒரு சுரத்துல நின்னு மூச்சப் பிடிக்கும்போது தவுல் மட்டும் தனியா ஓடி வருது பாருங்க, ஊதுத பழைய சத்தம் இரைச்சல் எல்லாம் அப்படியே இருக்கு, யாரும் கிளீன் பண்ணுதேன்னு சொல்லி வழிச்சு எடுக்கல. எங்க அம்மை அடுப்படியில இருந்து வந்து வாசல்ல நின்னு கேட்டுட்டு, "சேரன்மாதேவி பக்கம் எந்தக் கோயில்ல கொடைல?"ங்கா. இதுக்கு மேல எனக்கு எந்த ரிவ்யூவும் வேண்டாம்.

சோனி டி-50யும் இருக்கு, 1984ல வந்த கையடக்க செட்டு, நாலு சிடி பொட்டிய அடுக்குனா எவ்வளவோ அவ்வளவுதான் சைசு. நல்லாப் பாடுது. ஆனா கையில வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுனா பாட்டு குதிக்கு, அப்ப அதிர்வு தாங்குத மெமரி எல்லாம் கிடையாதுல்லா. மேசை மேல வச்சுக் கேக்கதுக்கு எதுக்குடே கையடக்கம்? எனக்கு இதுல பெருசா ஆசை வரல, விட்டுருதேன்.

கடைசியா ஒண்ணு. "வீட்டுல 150 பாட்டு உள்ள சிடி இருக்கு, ஓடுமா அண்ணே"ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கிய. அது எம்பி3. ஓடாது. சில பழைய செட்டுக அத பாட்டுன்னே நெனச்சு கரகரன்னு பெருஞ்சத்தமா கக்கும், ஸ்பீக்கர் கிழிஞ்சுரும், போட்டுப் பாத்தே ஆவேன்னா வால்யூமக் கொறச்சுட்டுப் போடுங்க. கடையில எழுதிக் குடுத்த ஆடியோ சிடி கொஞ்சம் ஓடும், கொஞ்சம் ஓடாது, அதுல வெளிச்சம் கம்மியாத்தான் திரும்பி வரும். கம்பெனி சிடி தேடுங்க.

மச்சுல, பரண்ல இந்த மாதிரி செட்டு வச்சிருக்கவங்க கரண்ட்ல சொருகுததுக்கு முன்னால பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. 100 வோல்ட்டுன்னு எழுதியிருந்தா அது ஜப்பான்லயே விக்கதுக்கு செஞ்சது, நம்ம 230ல சொருகுனா பொகைதான் வரும், டிரான்ஸ்பார்மர் வேணும். நான் பாத்துச் சொல்லுதேன். பெல்ட்டு வேணும்னாலும் சொல்லுங்க, அண்ணாச்சிகிட்ட இன்னும் அரக்கம்பி பாக்கி இருக்கு. 15 ரூபாதான். 20 சொல்லுவாரு, குடுத்துராதீங்க.