பல் நோ நின்றுவிட்டது, டொக்டரின் நம்பரை விடலாமா?

வணக்கம் நேயர்களே. நான் பல் வைத்தியர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வழியில் மறித்து, "டொக்டர், இந்தச் சூத்தைப் பல்லை ஒருக்கால் பாருங்கோ" என்று வாயைத் திறந்து காட்டினால் நான் முழிக்க வேண்டிவரும். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மருந்துக்கடையில் 26 வருடம் கவுன்ரருக்குப் பின்னால் நின்ற பாமசிஸ்ட் நான்.

பல் வைத்தியரிடம் உடனே போக முடியாதவர்கள் வந்து சேருகிற இடம் எங்கள் கவுன்ரர்தான். இரவு 8 மணிக்கு மேல் ஒருவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு படியேறினால், அவர் வாய் திறக்கமுன்னமே என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிடும். "மிஸ், பல்லுக்கொதி. தாங்கேலாது. டொக்டருக்கு நம்பர் அடுத்த கிழமைதான்."

கொழும்பில் இருந்துகொண்டு நம்பர் கிடைக்கவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். வார்ட் பிளேஸில் தேசியப் பல் வைத்தியசாலையே இருக்கிறது, காசும் இல்லை. உண்மைதான். ஆனால் லிப்டன் சுற்றுவட்டத்தில் விடியக் காலமே இறங்கி நடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று. பல்லைப் பிடுங்குவதென்றால் அநேகமாக அன்றைக்கே பார்த்துவிடுவார்கள். பல்லைக் காப்பாற்ற வேண்டும், ரூட் கனால் செய்ய வேண்டும் என்றால் திகதி போட்டுத்தான் தருவார்கள். தனியாரிடம் காசு கட்டி நம்பர் எடுக்க, அதாவது சனல் பண்ணப் போனால், வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான பின்னேர நம்பரும் சனி ஞாயிறு நம்பரும்தான் முதலில் முடியும். ஆக, நோ தொடங்கிய நாளுக்கும் கதிரையில் இருக்கிற நாளுக்கும் நடுவில் சில நாட்கள், சிலவேளை சில கிழமைகள். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த இடைப்பட்ட நாட்களைப் பற்றி. நான் பார்த்த அளவில் ஆட்கள் பிழைவிடுவது அந்த நாட்களில்தான். நானும் விட்டிருக்கிறேன்.

ஒருவர் வந்தார். அச்சகமொன்றில் வேலை. கீழ்க் கொடுப்புப் பல், மூன்று நாளாக நித்திரை இல்லை. "போனமுறை தந்த அந்தச் சிவப்பு மஞ்சள் கப்சூல் ஆறு தாங்கோ" என்றார். வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம், எனக்கு அது நன்றாகத் தெரியும். கடையில் கூட்டம், அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கொடுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் சிரித்துக்கொண்டு வந்தார். "மிஸ், சுகம். நம்பரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்." எனக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு இரவு அவருடைய மகன் முச்சக்கரவண்டியில் கூட்டிக்கொண்டு வந்தான். வலக் கன்னம் வீங்கிக் கழுத்துவரை இறங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் எதையும் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வார்ட்டில் இருந்து, கீறி, சீழ் எடுத்துத்தான் வீடு வந்தார். பல்லும் போய்விட்டது.

அந்த ஐந்தாம் நாள் நடந்தது என்ன என்று பாருங்கள். பல்லுக்கு நடுவில் ஒரு சின்ன அறை. அதற்குள் நரம்பும் இரத்தக் குழாயும் மெல்லிய சதையும். சூத்தை அங்கே எட்டியதும் அந்தச் சதை வீங்கும். காலில் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும், பல்லின் சுவர் விரியாது. உள்ளே நெருக்கம் ஏற ஏற நோ ஏறும். இரவில் படுத்தால் தலைக்கு இரத்தம் கூடுதலாக வருவதால் இன்னும் கொதிக்கும். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுங்கள் என்று சொல்வது அதனால்தான், அது சும்மா ஆறுதலுக்குச் சொல்வதல்ல. இப்படி நெருங்கி நெருங்கி ஒரு நாள் உள்ளே இருக்கிற நரம்பு செத்துப்போகும். செத்த நரம்புக்கு நோ தெரியாது. நாம் சுகம் என்று நினைப்போம். கிருமி வேரின் நுனியால் எலும்புக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

நான் கொடுத்த கப்சூலால்தான் நோ நின்றது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை, மருந்து எந்த வழியால் உள்ளே போகும்? வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் வைத்தியர் அன்டிபயோட்டிக் எழுதுவார், அது பரவாமல் பிடித்து வைக்க. அப்போதும் பல்லைத் திறந்து துப்புரவாக்க வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். அதனால் இரவில் சுருண்டு படுக்க வைத்த பல் ஒன்று திடீரென்று அடங்கினால், தயவுசெய்து அந்த நம்பரை விட்டுக்கொடுக்காதீர்கள். முடிந்தால் இன்னும் முந்திய நம்பர் ஒன்றைத் தேடுங்கள்.

சரி, அதுவரைக்கும் எப்படித் தாங்குவது? பனடோல், அதாவது பரசிற்றமோல், இருக்கிறது. வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசை ஒரு தரத்துக்கு இரண்டு எடுக்கலாம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்த உடம்புக்காரரும் ஈரல் நோய் உள்ளவர்களும் அதைவிடக் குறைவாக, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பல்லுக்கென்று பனடோலும் தடிமனுக்கென்று வேறொரு குளிசையும் எடுக்கிறவர்கள் அந்த இரண்டாவது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அநேகமாக அதிலும் பரசிற்றமோல் இருக்கும். கணக்கு இரட்டிப்பாகி ஈரலில் போய் முடியும்.

பனடோல் போதாவிட்டால் இபுபுரூபன் பல் நோவுக்கு நன்றாகக் கேட்கும், சாப்பாட்டுக்குப் பிறகு. வயிற்றுப் புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா இழுப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. இதோடு கொழும்புக்காரருக்கு மட்டுமாக ஒன்று. மழை தொடங்கி, அயலில் டெங்கு என்று கதை அடிபடுகிற நாட்களில், பல் நோவோடு காய்ச்சலும் இருந்தால் இபுபுரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் மூன்றும் வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பனடோலோடு நின்று, இரத்தத்தைச் சோதியுங்கள். பல் காய்ச்சல்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

கராம்பு பற்றிக் கேட்பீர்கள். அம்மம்மாவின் கைமருந்தில் இது ஒன்று உண்மையாகவே வேலை செய்கிறது. கராம்பில் உள்ள யூஜினோல் நரம்பை மரக்கச் செய்யும். பல் வைத்தியர்கள் போடுகிற தற்காலிக அடைப்பிலும் அதுவே இருக்கிறது. ஆனால் பாமசியில் விற்கிற கராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினால் முரசு வெந்துபோகும். ஒரு துளியைத் தேங்காயெண்ணெயில் கலந்து, பஞ்சு நுனியில் தொட்டு, ஓட்டைக்குள் மட்டும் வையுங்கள். போத்தலைப் பிள்ளைகள் கையில் எட்டாமல் வைக்க வேண்டும், குடித்தால் ஆபத்து. அஸ்பிரினை உடைத்துப் பல்லுக்குள் வைப்பது, புகையிலை அடைவது, சாராயத்தில் கொப்பளிப்பது, இவையெல்லாம் புண்ணைத்தான் மிச்சம் வைக்கும். கன்னத்தில் சித்தாலேப பூசுவதால் வாசம் வரும், பல்லுக்கு எதுவும் போய்ச் சேராது. வீங்கிய கன்னத்துக்குச் சூடு கொடுக்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ், வெளிப்பக்கம், பத்துப் பதினைந்து நிமிடம். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். நோகிறது என்று அந்தப் பக்கம் பல் விளக்காமல் விடுவதும் பிழை, மெதுவாகவாவது விளக்க வேண்டும்.

எதற்கெல்லாம் நம்பரைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது என்றும் சொல்ல வேண்டும். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், வாய் திறக்க முடியாமல் போனால், நாக்குக்குக் கீழே வீங்கி வந்தால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் என்றால், அது பல் பிரச்சினை என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. இரவு இரண்டு மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸ். காசில்லாமல் வரும்.

ஆஸ்பத்திரிக் கவுன்ரரில் என்ன சொல்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. நம் ஆட்கள் பலர் சிங்களத்தில் "தத் கெக்கும", அதாவது பல்லுக்கொதி, என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அந்த வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் தத் கெக்குமதான். "மூண இதிமிலா" என்று சொல்லிப் பாருங்கள், முகம் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். நிமிர்ந்து பார்ப்பார்கள். தனியார் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தாலும் அப்படித்தான்: எத்தனை நாள், இரவில் எழுப்புகிறதா, வீக்கமா, காய்ச்சலா, இவற்றை முதல் வசனத்திலேயே சொல்லி, யாராவது வராவிட்டால் கூப்பிடுங்கள் என்று இலக்கத்தைக் கொடுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. பல பாடசாலைகளில் பல் சிகிச்சை அறை இருக்கிறது, வகுப்பாசிரியரிடம் கேட்டால் போதும்.

பிள்ளை விழுந்து முன் பல் முழுதாகக் கழன்று வந்தால் மட்டும் அது மணிக்கணக்குக்கூட இல்லை, நிமிடக் கணக்கு. வேரைத் தொடாமல் பல்லின் தலையைப் பிடித்து, பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பால் பல் என்றால் திரும்ப வைப்பதில்லை.

நோவே இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்லாமல் போனால் மனம் கேளாது. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிற அண்ணன்மார், ஐயாமார், வாய்க்குள் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளையோ சிவப்போ ஒரு படையோ இருந்தால் காட்ட வேண்டும். இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். தொடக்கத்தில் அது அநேகமாக நோகாது. அதனாலேயே கடைசியில் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

கடைசியாக, நம்பர் கிடைத்த நாள். பிரஷர், சீனி, இதய மருந்துகளின் பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், அல்லது குளிசைப் பெட்டிகளையே பையில் போடுங்கள். எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்றாக எடுக்கிற குளிசையையும் மறக்காமல் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போகிறேன் என்று, இரத்தம் உறையாமலிருக்க எடுக்கிற அஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். பல்லில் இரத்தம் வந்தால் பஞ்சைக் கடித்து நிறுத்தலாம், இதயத்தில் அடைத்தால் என்ன செய்வது?

வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். ஊசி போடுவார்கள் என்று சாப்பிடாமல் விடியக் காலமே வந்து, வரிசையிலேயே தலைசுற்றி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மரக்கப் போடுகிற ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. இரண்டு துண்டு பாண், பருப்புக்கறி, வழமையான குளிசை, பிறகு பஸ். வாசலில் ப்ளேன்டி குடிப்பதென்றால் சீனி இல்லாமல் கேளுங்கள், எந்தக் கட்டடத்துக்கு வந்திருக்கிறோம் என்று ஒரு யோசனை வேண்டாமா.