ஒப்பந்தம் போட்ட நடிகை மீது ஏன் இவ்வளவு கோபம்?

(பெங்களூரு அல்சூரில் பெண்கள் வாசிப்பு வட்டத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "வேற தலைப்பே கிடைக்கலையா?" என்று சிலர் கேட்டார்கள். சாயங்காலம் விளக்கு வைத்ததிலிருந்து படுக்கப் போகும்வரை நம் வீட்டுக் கூடத்தில் ஓடுவதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? கல்யாணம், பணம், மாமியார், மருமகள் என்று நாம் வாய்விட்டுப் பேசத் தயங்குவதையெல்லாம் அந்தக் கதாபாத்திரங்களை வைத்துத்தான் பேசிக்கொள்கிறோம். ஆகவே, ஒரு தொடரைப் பற்றி ஜனங்கள் சொல்வதை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை.

எந்தத் தொடர் என்று உங்களுக்கே தெரியும். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சினிமாவில் நல்ல பேர் வாங்கிய ஒரு நடிகை. அவளை விரும்பி ஒருவன் வருகிறான், கௌரவமான குடும்பம். சம்மதம் சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு காகிதத்தில் சில விஷயங்களை எழுதுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் நடிப்பேன். என் சம்பளம் என் கணக்கில்தான் இருக்கும். என் அம்மா என்னோடுதான் இருப்பாள். படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் என் பழைய வீட்டில் தங்குவேன். குழந்தை எப்போது என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. அவன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறான். நிச்சயதார்த்தத்தன்று அந்தக் காகிதம் சபையில் வாசிக்கப்படுகிறது.

அந்த வாரத்தில் நம் ஏரியாவில் இதைப் பேசாத வீடு இல்லை. "காசு பார்த்தவ, கல்யாணத்தையும் வியாபாரமாக்கிட்டா." "நடிகைதானே, அவளுக்குக் குடும்பம்னா என்ன தெரியும்?" "அந்தப் பையன் பாவம்." இதெல்லாம் பெண்கள் சொன்னது. ஆண்கள் தொடரே பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்து எல்லா வசனத்தையும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் பையன் மேல்: "கையெழுத்துப் போட்டவன் ஆம்பளையா?"

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறொருவர் சொன்னது. சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூ கட்டி விற்கும் ஓர் அக்கா. கூடையில் செல்போனைச் சாய்த்து வைத்து முந்தின நாள் காட்சியைப் பார்த்துக்கொண்டே கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தார். கண் திரையில், விரல் நாரில், ஒரு பூ தப்பவில்லை. "என்னக்கா, அந்தப் பொண்ணு செஞ்சது சரியா?" என்று கேட்டேன். "அவ கேக்கறதுல என்ன தப்பு? எல்லாம் ஞாயம்தான். ஆனா சபையில படிக்கலாமா? தனியா இருக்கச்சே சொல்லியிருக்கலாம்" என்றார். "தனியாச் சொன்னா நடக்குமாக்கா?" என்றேன். தலை நிமிரவில்லை. "நடக்காது. நான் சொல்லிப் பார்த்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு, ரெண்டு முழம் போதுமா, மூணு வேணுமா என்று கேட்டார்.

அந்த அக்காவைப் போலத்தான் நம்மில் பலரும் இருக்கிறோம் என்று நினைக்கிறேன். அவள் கேட்டது நியாயம் என்று உள்ளுக்குள் தெரிகிறது. அதைப் பத்துப் பேர் நடுவில் கேட்டுவிட்டாளே என்பதுதான் பொறுக்கவில்லை. நாம் கேட்காமல் விட்டதை இன்னொருத்தி கேட்கும்போது வரும் வலி அது. வெளியே வரும்போது கோபமாக வருகிறது.

நடிகைகளின் கல்யாணம் நமக்குப் புதிதா? கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1927-இல் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை மணந்தார். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. 1933-இல், முப்பது வயதுகூட ஆகாமல், கிட்டப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைதான். இன்னோர் ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தார். 1935-இல் வந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார். அதற்கு வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். வந்தவர்கள் தொகையைக் கேட்டுத் திரும்பிப் போகட்டும் என்றுதான் அப்படிக் கேட்டார், அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். தொழிலுக்கு ஒரு பெண் நிபந்தனை போட்டதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். அதே நிபந்தனையைக் கல்யாணத்துக்குப் போட்டால் மட்டும் நமக்கு ஏன் முகம் மாறுகிறது?

சாவித்திரியின் கதை இந்த ஊரோடு சம்பந்தப்பட்டது. 1952-இல் ஜெமினி கணேசனை மணந்தார். அங்கேயும் முதல் மனைவி இருந்தார். கல்யாணம் சில காலம் வெளியே தெரியாமல் இருந்தது. ஒரு சோப்பு விளம்பரத்தில் 'சாவித்திரி கணேஷ்' என்று கையெழுத்துப் போட்டபோதுதான் ஊருக்குத் தெரிந்தது என்பார்கள். 1980-இல் இதே பெங்களூரில்தான் நினைவிழந்தார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் கோமாவில் கிடந்து, 1981 டிசம்பரில் காலமானார். 2018-இல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் 'நடிகையர் திலகம்' படம் வந்தபோது தியேட்டரில் அழாதவர்கள் குறைவு. ஜெமினியின் மகள் டாக்டர் கமலா செல்வராஜ், தன் அப்பாவைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். யார் குற்றவாளி, சாவித்திரியைக் குடிக்கப் பழக்கியது யார் என்று வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து நடந்தது. இத்தனை பேச்சிலும், அந்த முதல் மனைவி இதையெல்லாம் எப்படித் தாங்கினார் என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

கல்யாணத்தால் நொந்துபோன நடிகையை நாம் தெய்வமாக்குகிறோம். நோவதற்கு முன்னாலேயே, "எனக்கு இது வேண்டும், இது வேண்டாம்" என்று சொல்கிறவளைத் திமிர் பிடித்தவள் என்கிறோம். சாவித்திரி அப்படி ஒரு காகிதம் எழுதியிருந்தால், 'என் வீடு, என் சம்பாத்தியம் என் பேரிலேயே இருக்கும்' என்று கேட்டிருந்தால், நம் பாட்டிமார் அவரை என்ன சொல்லியிருப்பார்கள்? இன்றைக்கு அந்தத் தொடர் நடிகையைச் சொல்வதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சரி, கல்யாணத்தில் காகிதம் என்ன புதிதா? சிவாஜிநகரில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மஹர் தொகை எவ்வளவு என்று நிக்காஹ்நாமா என்னும் திருமணப் பத்திரத்தில் எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சாட்சி வைத்துத்தான் கல்யாணமே. கோவாவில் கல்யாணத்துக்கு முன்பே சொத்து யாருடையது என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவ்வளவு ஏன், நம் வீட்டு நிச்சயதாம்பூலத்தில் எத்தனை பவுன், என்னென்ன பாத்திரம், வண்டி யார் வாங்குவது என்று பேசி முடிப்பதில்லையா? வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகள், கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்கின்றன. பெண் வீட்டார் எவ்வளவு கொடுப்பார்கள் என்று பட்டியல் போடும்போது யாரும் அதை வியாபாரம் என்று சொல்லவில்லை. பெண்ணே எழுதினால்தான் வியாபாரமா?

அந்தக் காகிதத்தில் எல்லோருக்கும் உறுத்திய வரி, 'என் சம்பளம் என் கணக்கில்' என்பது. இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், 14-ஆவது பிரிவு. ஓர் இந்துப் பெண் தன் திறமையாலோ உழைப்பாலோ சேர்த்த சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்கிறது. நடிகைக்கு மட்டும் இல்லை, பூ விற்கும் அக்காவுக்கும் அதே சட்டம்தான். அவள் எழுதிக் கேட்டது ஏற்கெனவே அவளுடையது. 1956-இலிருந்து இருக்கும் சட்டத்தை ஒரு கதாபாத்திரம் வாய்விட்டுச் சொன்னதற்கே இந்தப் பாடு.

"சட்டம் புத்தகத்தில் இருக்கும், நம்ம பொம்பளைங்க பணத்துக்காகவெல்லாம் வாயைத் திறக்க மாட்டாங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவருக்கு 2016 ஏப்ரலை ஞாபகப்படுத்தினேன். பி.எஃப். பணத்தில் முதலாளி போடும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று விதியை மாற்றினார்கள். பொம்மனஹள்ளியிலும் ஓசூர் ரோட்டிலும் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். முன்னால் நிற்கப் பெரிய தலைவர்கள் இல்லை. மகள் கல்யாணத்துக்கு, பையன் காலேஜ் பீஸுக்கு என்று கணக்குப் பண்ணி வைத்திருந்த பணம் அது. போராட்டம் நடக்கும்போதே மத்திய அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது. அவர்களில் நம் தமிழ்ப் பெண்களும் உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதே மாதிரித் தொடர்களைப் பார்க்கிறவர்கள்தான். அரசாங்கத்திடம் "என் பணம்" என்று சொல்ல முடிந்தது. வீட்டுக்குள் அதையே சொல்வது அதைவிடக் கஷ்டம். ஏ.டி.எம். கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று அவரவருக்குத் தெரியும்.

இப்போது எனக்கு இருக்கும் பயம் ஒன்றுதான். தொடர்கள் முழுதாக எழுதி முடித்துவிட்டு வருவதில்லை. வாராவாரம் டி.ஆர்.பி. பார்த்து, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து, கதையைத் திருப்புவார்கள். கோபம் அதிகமானால் என்ன நடக்கும் என்று நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவளுக்கு ஒரு விபத்து வரும், அல்லது அம்மா ஆஸ்பத்திரியில் படுப்பாள். அந்தப் பெண் மாமியார் காலில் விழுந்து காகிதத்தைக் கிழித்துப் போடுவாள். பின்னணியில் வீணை வாசிப்பார்கள். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் குடும்பப் பொண்ணா ஆனா" என்போம். கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் பதினாறு வயதுப் பெண் என்ன எடுத்துக்கொண்டு எழுந்து போவாள்?

அதனால் இந்த வட்டத்தின் சார்பில் அந்தச் சேனலுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கும்படி கதையை மாற்ற வேண்டாம், அவள் கேட்டதைப் புரிந்துகொள்ளும் பார்வையாளர்களும் இருக்கிறோம் என்று அதில் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடிக்கும் பெண்ணுக்கும் தனியாக நாலு வரி எழுதியிருக்கிறேன், வெளியே போகும் இடமெல்லாம் அவர்தானே திட்டு வாங்குகிறார். கடிதம் அந்த மேஜையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். சம்மதம் இல்லாதவர்கள் ஏன் என்று இங்கேயே சொல்லுங்கள், அதையும் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.