கூப்பர் பிளாக்: நூறு வயதைத் தாண்டிய குண்டு எழுத்து

[திரை: வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக ஒரே ஓர் ஆங்கில 'ஓ'. கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

கூப்பர் பிளாக் என்ற ஆங்கில எழுத்துருவில் உள்ள இந்த 'ஓ'வைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுற்றிலும் நல்ல கனம். நடுவில் இருக்கிற வெள்ளை ஓட்டை மட்டும் சின்னது. அதுவும் நேராக நிற்காமல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பட்டை நிப்பைச் சாய்வாகப் பிடித்துக் கையால் எழுதினால் இப்படித்தான் வரும்.

[திரை: 'எச்', 'என்', 'ஐ' ஆகியவற்றின் சிறிய வடிவங்கள். அவற்றின் அடிப்பாகம் மட்டும் பெரிதாகிறது.]

இப்போது எழுத்துகளின் காலடிக்கு வாருங்கள். செரிஃப் என்றால் எழுத்துக் கோடுகளின் முனையில் நீட்டியிருக்கும் சின்னப் பாதம். மற்ற செரிஃப் எழுத்துருக்களில் இந்த இடம் தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். இங்கே கூர்முனை என்று ஒன்றுமே இல்லை. அடிப்பகுதி முழுக்க வளைந்து, உப்பி நிற்கிறது. தலைப்பு எழுத்து என்றால் சத்தம் போட வேண்டும். இது சத்தமும் போடுகிறது, யாரையும் மிரட்டவும் இல்லை. இதன் குணத்தையெல்லாம் தீர்மானிப்பது அந்த வளைந்த காலடிதான்.

[திரை: சிகாகோவின் பழைய அச்சகப் படம். மரத்தட்டில் ஈய எழுத்துகள்.]

இதை வரைந்தவர் ஆஸ்வால்ட் கூப்பர். சிகாகோவில் விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்தவர். ஃபிரெட் பெர்ட்ஷுடன் சேர்ந்து 1904-ல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். அவருடைய கை எழுத்துக்கு விளம்பர உலகில் இருந்த மவுசைப் பார்த்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற, ஈய எழுத்துகளை வார்த்துத் தரும் வார்ப்பகம் அதை அச்செழுத்தாக்கக் கேட்டது. முதலில் மெலிந்த வடிவம் வந்தது. அப்புறம் 1922-ல் இந்தக் கனத்த கூப்பர் பிளாக்.

"தொலைநோக்குள்ள அச்சகக்காரர்களுக்கும், கிட்டப்பார்வையுள்ள அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கும்" என்று கூப்பரே இதைப் பற்றிச் சொன்னார். பழமைவாதிகள் 'கறுப்பு அபாயம்' என்று திட்டினார்கள். விற்பனை என்னவோ அமோகம். போட்டிக்கு ஒன்று வேண்டும் என்று லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனம் ஃபிரெடரிக் கவுடியைப் பிடித்தது. அப்படிப் பிறந்ததுதான் கவுடி ஹெவிஃபேஸ். கவுடி யார்? கூப்பருக்கு எழுத்துக்கலை கற்பித்த ஆசிரியர்! மாணவனின் வெற்றிக்குப் போட்டியாக ஆசிரியரே களமிறங்க வேண்டியதாயிற்று.

[திரை: அறுபதுகள், எழுபதுகளின் கடைப் பலகைகள், டி-ஷர்ட்டுகள்.]

ஈய எழுத்தின் காலம் போய், படச்சுருள் வழி அச்சுக்கோப்பும் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களும் வந்தபோது இதற்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. பீச் பாய்ஸ் குழு 1966-ல் வெளியிட்ட 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டின் உறையில் இருப்பது இதுதான். எழுபதுகளில் டி-ஷர்ட்டில் சூடாக்கி ஒட்டும் எழுத்துகளிலும் இது நிறைந்திருந்தது. அந்த வேலைக்கு இது பொருந்தியதற்கு அதன் வடிவமே காரணம். காலடி தட்டையாக இருந்தால், ஓர் எழுத்து இம்மியளவு ஏறி இறங்கினாலும் கண்ணில் குத்தும். காலடி வளைந்திருப்பதால் அந்தச் சின்னப் பிசகு தெரிவதில்லை.

[திரை: ஆரஞ்சு நிற விமானம்.]

1995-ல் தொடங்கிய ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் பெயரும் இதே எழுத்தில்தான். குறைந்த கட்டணத்தில் பறக்க வருபவருக்கு, வாசலிலேயே ஒரு தோழமையைக் காட்டிவிடுகிறது.

சரி, நாம் எங்கே பயன்படுத்தலாம்?

[திரை: ஒரே போஸ்டர், நான்கு விதமான அமைப்புகளில்.]

இரண்டு மூன்று சொற்கள், பெரிய அளவு. அவ்வளவு போதும். எழுத்துகளை நெருக்கி வையுங்கள், ஒன்றோடொன்று உரசும் அளவுக்குக்கூட. மேலும் கீழும் நீளும் பகுதிகள் குட்டை என்பதால் வரிகளையும் நெருக்கலாம். ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில் அமைத்தால்தான் இதன் அழகு முழுதாகத் தெரியும் என்பது என் கருத்து. முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் பாதி குணம் போய்விடும்.

பேக்கரிப் பெட்டி, ஐஸ்கிரீம் கடை, குழந்தைகள் நிகழ்ச்சி, காபித்தூள் பை என எல்லாம் பொருந்தும். இரங்கல் அறிவிப்புக்கோ மருத்துவ எச்சரிக்கைக்கோ வேண்டாம். பத்தி பத்தியாக அமைக்கவும் வேண்டாம். அளவு சிறுத்தால் ஆங்கில 'இ', 'ஏ' எழுத்துகளின் உள் ஓட்டைகள் அடைத்துக்கொண்டு வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும். விலாசம், விலை, தேதிக்கெல்லாம் பக்கத்தில் மெலிந்த, செரிஃப் இல்லாத எழுத்துரு ஒன்றை வையுங்கள்.

எழுபதுகளின் பழுப்பு, ஆரஞ்சு நிறங்களோடு மட்டும் இதைப் பூட்டி வைக்காதீர்கள். அடர்பச்சையில், வெறும் கறுப்பில் போட்டுப் பாருங்கள், புதிதாகத் தெரியும்.

[திரை: தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த கடைப் பெயர்ப்பலகை.]

கூப்பர் பிளாக்கில் தமிழ் எழுத்துகள் கிடையாது. இருமொழிப் பலகை செய்கிறவர்கள் மெல்லிய தமிழ் எழுத்தை எடுத்து, கணினியில் செயற்கையாகத் தடிமனாக்கி ஒட்டுவதைப் பார்க்கிறோம். அப்படிச் செய்தால் சுழிகள் அடைத்துப்போகும். கனமாகவே வரையப்பட்ட, முனை மழுங்கிய தமிழ் எழுத்துருவைத் தேடுங்கள். எழுத்துரு வடிவமைக்கும் எக் டைப் குழுவின் 'பலூ தம்பி' இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டையும் ஒரே அளவு எண்ணில் வைத்துவிடாமல், தள்ளி நின்று பார்த்து, கண்ணுக்குக் கனம் சமமாகும்வரை தமிழின் அளவைக் கூட்டிக் குறையுங்கள்.