உங்கள் மாத்திரையைப் போட்டீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். வீடு வீடாகப் போய் வலித்தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியர் நான். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் இப்போதெல்லாம் கதவைத் திறப்பவரின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஒரு வீட்டில், பக்கவாதம் வந்த மாமியாரை மருமகள் 3 வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். மாமியாருக்கு ஒரு படுக்கைப் புண்கூட இல்லை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் எழுந்து, புரட்டிப் படுக்கவைத்தால்தான் உடம்பு அப்படி இருக்கும். "உங்க பிரஷர் மாத்திரையைப் போட்டீங்களா?" என்று மருமகளைக் கேட்டேன். தீர்ந்து 20 நாளாகிவிட்டதாம். மாமியாரின் மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு எல்லாம் சரியாக இருந்தன.

பராமரிப்பவர் ஓய்ந்துபோகிறார் என்பதற்கு நான் கவனிக்கும் முதல் அறிகுறி இதுதான். தன் மாத்திரை, தன் சாப்பாடு, தன் பல்வலி எல்லாமே 'அப்புறம்' ஆகிவிடும். படுக்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வராது. கஞ்சி சிந்தியதற்குக் கத்திவிட்டு, அடுப்படியில் போய் அழுவார்கள். இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: 'இவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை' என்ற நினைப்பு. அப்படித் தோன்றியதால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை, அம்மா. மாதக்கணக்கில் தூங்காத எவருக்கும் அது வரும். மனதுக்குள் பூட்டிவைக்காதீர்கள். 14416, அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி-மானஸ். 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

அமெரிக்காவில் கணவனையோ மனைவியையோ பராமரித்த முதியவர்களை 4 வருடம் கவனித்த ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. அந்தப் பாரத்தால் மனம் நொந்தவர்கள் இறக்கும் அபாயம், அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது.

வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று போனில் சொல்வதால் பராமரிப்பவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம்கூடக் கிடைக்காது. அவராக எதையும் கேட்கமாட்டார். "ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வருகிறேன், மதியம் வரை அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வந்துவிடுங்கள். வர முடியாதவர்கள் இரவில் துணைக்கு ஓர் ஆளை வைக்கப் பணம் அனுப்பலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரியவருக்காக வரும் பணியாளரிடம், பராமரிப்பவரும் தன் பிரஷரைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அந்த வீட்டுக்குப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நாத்தனார் வந்து கதவைத் திறந்தார். மருமகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.