இரண்டாயிரம் சுற்றில் என்ன நடக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் புகாரைச் சொல்வார்கள். "அண்ணே, ஐம்பது வரைக்கும் வண்டி முக்குது. அதுக்கப்புறம் திடீர்னு பாயுது. ஏதோ கோளாறு, பாருங்க." பார்த்தால் பெரும்பாலும் கோளாறு ஒன்றும் இருக்காது. வண்டியைச் செய்ததே அப்படித்தான். ஆனால் இதை நேரில் சொன்னால், மெக்கானிக்குக்குத் தொழில் தெரியவில்லை என்று முடிவுகட்டி வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார்கள். ரேடியோவில் சொன்னால் கொஞ்சம் மரியாதை இருக்கும் என்று நம்பி வந்திருக்கிறேன்.

எஞ்சின் என்றதும் எல்லோரும் பெட்ரோல், டீசல் என்று ஆரம்பிப்பார்கள். நான் காற்றில் ஆரம்பிக்கிறேன். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். எரிபொருளைப் பீய்ச்சுவது சுலபம். அவ்வளவு காற்றைச் சிலிண்டருக்குள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. கிட்டத்தட்ட அந்த நேரத்துக்குள் காற்று வால்வைத் தாண்டி உள்ளே நிரம்ப வேண்டும். 6,000 சுற்றில் அதிலும் பாதி நேரம். நன்றாக நிரம்பினால் இழுவை, நிரம்பாவிட்டால் முக்கல்.

பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இடம் நிறைந்ததும் கேட்டைச் சாத்தச் சொல்வார்கள். கூட்டம் நெருக்கியடித்து வேகமாக வருகிறபோது, சாத்துவதற்குக் கொஞ்சம் தாமதமானால் போதும், பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிற தள்ளில் இன்னும் இருபது பேர் உள்ளே போய்விடுவார்கள். ஆற அமர நடந்து வருகிற நேரத்தில் அதே தாமதம் நடந்தால், உள்ளே நெரிசல் தாங்காமல் நாலு பேர் திரும்பி வெளியே வருவார்கள். காற்றை உள்ளே விடுகிற வால்வும் இப்படித்தான். பிஸ்டன் அடிவரை போய், மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் அது மூடும். எஞ்சின் வேகமாக ஓடினால், வந்த வேகத்திலேயே காற்று நுழைந்துகொண்டிருக்கும். பிஸ்டன் ஏறுவதைப் பொருட்படுத்தாது. மெதுவாக ஓடினால் வந்த காற்றில் ஒரு பங்கைப் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். வால்வு மூட வேண்டிய நேரத்தை, கேம் ஷாஃப்டின், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கிற மேடுகள் (கேம்) கொண்ட தண்டின், வடிவத்தில் ஒரே தடவை செதுக்கிவைத்து விடுகிறார்கள். அந்த நேரம் ஏதோ ஒரு வேகத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

இதோடு, காற்றை வால்வுக்குக் கொண்டுவருகிற இன்டேக் குழாயின் விளையாட்டும் சேர்ந்துகொள்கிறது. பிஸ்டன் உறிஞ்சியதும் ஓர் அழுத்தக் குறைவு அலையாகக் கிளம்பி, குழாய்க்குள் வெளிப்பக்கமாக ஓடுகிறது. ஓடுவது ஒலியின் வேகத்தில். நம் ஊர் வெயிலில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர். திறந்த முனையில் மோதியதும் அதுவே அழுத்த மிகுதியாக மாறித் திரும்பி வரும். வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தால் கூடுதலாகக் கொஞ்சம் காற்றைத் திணித்துவிடும். முன்பின்னாக வந்தால் பயனில்லை, சில சமயம் கெடுதலும் கூட. ஆக, குழாயின் நீளத்துக்கு ஏற்ற ஒரு வேகத்தில் எஞ்சினுக்கு இனாமாகக் காற்று கிடைக்கிறது. குழாய் நீளமானால் குறைந்த சுற்றில் கிடைக்கும், குட்டையானால் அதிகச் சுற்றில். 1960-இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் 300எஃப் என்ற காரில் 30 அங்குலக் குழாய்களை எஞ்சினுக்குக் குறுக்கே போட்டார்கள், நடுத்தர வேகத்தில் ஓவர்டேக் எடுக்க இழுவை வேண்டும் என்பதற்காக. இப்போது சில கார்களில் குழாய்க்குள்ளேயே ஒரு தட்டு திறந்து மூடி, நீளத்தை மாற்றிக்கொள்கிறது. அது திறக்கிற நேரத்தில் சத்தமே மாறும்.

ஹோண்டாக்காரர்கள் கேம் ஷாஃப்டிலேயே கைவைத்தார்கள். 1989-இல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் விடெக் வந்தது. குறைந்த சுற்றுக்கு ஒரு கேம், அதிகச் சுற்றுக்கு ஒரு கேம். குறிப்பிட்ட வேகம் வந்ததும் எண்ணெய் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சினில் 160 குதிரைத்திறன் எடுத்தார்கள். ஓட்டியவர்கள் அந்த மாறும் இடத்தை மறக்க மாட்டார்கள்.

சரி, நம் ஊரில் வருகிற புகாரில் பெரும்பங்கு டீசல் டர்போ வண்டிகளைப் பற்றித்தான். 2007-இல் வந்த ஸ்விஃப்ட் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1.3 லிட்டர் எஞ்சின், 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது இழுவை, அது கிடைப்பது 2,000 சுற்றில். அதற்குக் கீழே டர்போ தூங்குகிறது என்றே சொல்லலாம். டர்போவைச் சுழற்றுவது சைலன்ஸருக்குப் போகிற புகைதான். சுற்று குறைவாக இருந்தால் புகை குறைவு. புகை குறைந்தால் டர்போ சுழலாது. டர்போ சுழலாவிட்டால் காற்று வராது. சுற்று கொஞ்சம் ஏறியதும் இந்த வட்டம் தலைகீழாகி, ஒன்றை ஒன்று தூக்கிவிடும். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். உங்கள் முதுகு சீட்டில் அழுந்துவது அப்போதுதான்.

புதுவயல் பக்கம் அரிசி மூட்டை ஏற்றிய லாரியை முந்தும்போது ஐந்தாவது கியரில் ஐம்பதில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அங்கே பல டீசல் கார்களில் எஞ்சின் 1,300 சுற்று பக்கத்தில்தான் இருக்கும். மிதித்துப் பயனில்லை, எதிரே பஸ் வந்துவிடும். மூன்றாவதுக்கு இறக்கிவிட்டு மிதியுங்கள். கியரை இறக்கினால் வண்டி கெட்டுப்போகும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். குறைந்த சுற்றில் உதற உதற ஓட்டுவதுதான் எஞ்சினுக்குக் கேடு.

இதற்குக் காரணம் அம்பாசடர் பழக்கம் என்பது என் கணிப்பு. அந்தக் காலத்துப் பெட்ரோல் அம்பாசடர், 1,489 சிசி, நீண்ட ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதிகம். முப்பதிலேயே டாப் கியர் போட்டுவிட்டு தேவகோட்டை வரை மாற்றாமல் ஓட்டினார்கள். குறைந்த வேகத்துக்கென்றே செய்த எஞ்சின் அது. எங்கேயும் பாயாது, எங்கேயும் முக்காது. அதன் சக்தி சுமார் 50 குதிரைத்திறன்தான் என்பதை மட்டும் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

நிஜமான கோளாறுகளும் உண்டு. பாயும் இடம் முன்பு 2,000-இல் இருந்து, இப்போது 2,500-க்குத் தள்ளிப்போயிருந்தால் பார்க்க வேண்டும். நம் செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. டர்போ ஹோஸில் விரிசல் விழுந்தால் விசில் மாதிரி சத்தம் கேட்கும், கறுப்புப் புகையும் வரும். ஆனால் சித்திரை வெயிலில் மட்டும் வண்டி மந்தமாக இருக்கிறது என்றால் ஃபில்டரைத் திட்டாதீர்கள். 20 டிகிரியில் இருப்பதை விட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. ஏசி வேறு எஞ்சினிடமிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

திருச்சி ரோட்டில் நூறைத் தாண்டியதும் பவர் போய்விடுகிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எஞ்சின் குறையவில்லை, எதிர்க்காற்று கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதைச் சமாளிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு.

மின்சாரக் காரில் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் உருவான நம் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊரில் கேட்காமல் இருப்பீர்களா? மோட்டாருக்குக் காற்று வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் கிடைக்கும். ஆனால் ஒரு வேகத்துக்குப் பிறகு, மோட்டார் சுழலும்போது தனக்குள்ளேயே உண்டாக்கும் மின்னழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தை நெருங்கிவிடும். அங்கிருந்து வேகம் ஏற ஏற இழுவை இறங்கும். சிக்னலில் எல்லோரையும் முந்திய அதே வண்டி, தொண்ணூறில் போகும்போது அப்படிப் பாயாது. ஓவர்டேக் எடுக்கும்போது கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.